ஆங்கிலத்திலிருந்து ஐரிஷுக்கு: மொழிபெயர்ப்புச் செயலியை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அயர்லாந்துக்கு வந்து சில வருடம் ஆகிறது, மகள் நான்காம் வகுப்பு, ஐரிஷ் கட்டாயப் பாடம், வீட்டில் யாருக்கும் ஐரிஷ் தெரியாது. 'என் குடும்பம்' என்று பத்து வரி எழுதிவரச் சொன்னார்கள். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதி, செயலியில் போட்டு ஐரிஷாக்கி, மகளை நோட்டில் எழுத வைத்தீர்கள். ஆசிரியை பாதி வரிகளைச் சுழித்து அனுப்பிவிட்டார். சந்தேகம் வந்து அதே வரிகளைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே வருகிறது. ஆசிரியை ரொம்பக் கறாரா, செயலி தப்பா, இவ்வளவு ஏஐ வந்த பிறகும் இப்படி நடக்குமா என்று கேட்கிறீர்கள். நடக்கும். நோட்டைப் பார்க்காமல் ஒவ்வொரு வரிக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் ஆசிரியை பக்கம்தான் கட்டுவேன். உங்கள் கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது: ஒரு மொழியே தெரியாதவர், அந்த மொழியில் இயந்திரம் எழுதிக்கொடுத்தது சரியா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

நான் படித்தது கணினி மொழியியல். இயந்திரம் மொழிபெயர்த்ததை வரிவரியாகப் பார்த்து மதிப்பெண் போடுகிற வேலையில் பல வருடம் இருந்திருக்கிறேன். ஐரிஷ், கால்வேயில் மாலை வகுப்புகளில் கற்றுக்கொண்டது; சொல்லிக்கொடுத்தவர்கள் பக்கத்தில் ஐரிஷ் பேசும் கானமாராப் பகுதிக்காரர்கள். அதனால் இலக்கணத்தைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் உறுதியாகப் பேசுவேன். காதுக்கு இயல்பாக இருக்கிறதா என்ற இடம் வந்தால் அந்த மொழியில் வளர்ந்தவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை, அதிலும் வடமேற்கில் இருக்கும் டோனிகாலின் பேச்சுவழக்கு என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். கீழே ஐரிஷ் சொற்களைக் காதில் விழுகிற மாதிரி தமிழில் எழுதுகிறேன், மகளின் புத்தகத்தில் ஸ்பெல்லிங் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் அந்தத் திரும்ப மாற்றிப் பார்க்கிற சோதனை. எல்லாரும் செய்வதுதான், ஆனால் அதில் தேறுவதற்கு அர்த்தம் கிடையாது. இயந்திரம் ஐரிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது அரைகுறை வாக்கியத்தையும் ஊகித்துப் பிடித்துவிடும். ஆங்கிலத்தில் சரளமாக எழுத அதற்கு நன்றாகவே தெரியும், ஆகவே ஓட்டைகளை அடைத்து நல்ல ஆங்கிலமாக வெளியே அனுப்பும். ஓர் உதாரணம் பாருங்கள். 'நான் ஆசிரியர்' என்பது ஐரிஷில் 'இஸ் மூன்ச்சோர் மே'. இன்னார், இன்னது என்று அடையாளம் சொல்ல 'இஸ்'. எப்படி இருக்கிறார், எங்கே இருக்கிறார் என்று நிலை சொல்ல 'தா'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், புதிதாகக் கற்பவர்கள் 'தா மே மூன்ச்சோர்' என்று எழுதுவார்கள், எந்த ஆசிரியையும் அதைச் சுழிப்பார். இந்தத் தப்பான வாக்கியத்தைச் செயலியில் போட்டு ஆங்கிலமாக்கினால் பெரும்பாலும் 'நான் ஆசிரியர்' என்று பிசகில்லாமல் வந்து நிற்கும். எழுதினதும் அதே இயந்திரம், படித்துச் சரி என்று சொல்வதும் அதே இயந்திரம், அவ்வளவுதான் நடக்கிறது.

அடுத்தது ஐரிஷின் குணம். நமக்குச் சொல்லின் வால் மாறிப் பழக்கம்: படகு, படகை, படகில். அங்கே தலை மாறும். படகுக்கு 'பாட்'. என் படகு 'மோ வாட்'. எங்கள் படகு 'ஆர் மாட்'. முதல் வகை மாற்றத்துக்கு ஷேவூ என்றும் இரண்டாவதற்கு உரூ என்றும் பெயர், உங்கள் மகளுக்கு இந்நேரம் இரண்டும் தெரிந்திருக்கும். அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய என்ற மூன்றுக்கும் ஐரிஷில் ஒரே 'அ'தான். 'அ வாட்' அவன் படகு, 'அ பாட்' அவள் படகு, 'அ மாட்' அவர்கள் படகு. யாருடையது என்ற தகவல் மொத்தமும் படகின் முதல் எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஆக ஒரு எழுத்து தவறினால் அம்மாவின் கார் அப்பாவுக்குப் போய்விடும். எண்ணும்போதும் இதே கதை: 2 முதல் 6 வரை 'வாட்', 7 முதல் 10 வரை 'மாட்', அதுவும் ஒருமையிலேயே நிற்கும், பன்மை வராது. சின்னச் சின்ன வாக்கியங்களில் இப்போது இயந்திரம் இவற்றைப் பெரும்பாலும் சரியாகச் செய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பசி, தாகம், 'என்னிடம் இருக்கிறது' மாதிரி தினசரி விஷயங்களும் ஒழுங்காக வருகின்றன. சறுக்குவது எங்கே என்றால், பெயரடையும் வேற்றுமையும் சேர்ந்து வருகிற இடத்தில், அதிகம் புழங்காத பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா என்று தெரிந்தால்தான் அடுத்த சொல்லின் தலையெழுத்தை முடிவுசெய்ய முடியும் என்கிற இடத்தில். அப்படி வரும் தவறு அபத்தமாக இருக்காது. நல்ல ஐரிஷ் போலவே இருக்கும், தெரியாதவர் கண்ணுக்குப் படவே படாது.

'என் குடும்பம்' கட்டுரையில் சுழி வாங்குவதற்கு இன்னொரு இடம் தயாராக இருக்கிறது, ஆட்களை எண்ணுவது. ஐரிஷில் பொருளை எண்ண ஒரு வரிசை, மனிதரை எண்ண வேறு வரிசை. இரண்டு பேருக்கு 'பெர்ட்ச்', மூன்று பேருக்கு 'ட்ரூர்', நான்கு பேருக்கு 'கெஹ்ரர்' என்று பத்துவரை போகும். இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர், எழுவர், எண்மர் என்று நாமும் பதின்மர்வரை போகிறோமே, அச்சு அசல் அதே ஏற்பாடு. ஆங்கிலத்தில் இப்படி ஒரு வேறுபாடே இல்லாததால் 'மூன்று குழந்தைகள்' என்று வரும்போது படகுக்குப் போடுகிற மூன்றையே இயந்திரம் குழந்தைக்கும் போட்டுவிடுவது உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு குழந்தைக்கு இது ஆங்கிலக் குழந்தையைவிடச் சுலபமாக மண்டையில் ஏறும் என்று தோன்றுகிறது, நால்வர் ஐவர் என்று சொல்லிக்கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம் 'யெஸ்', 'நோ'. ஐரிஷில் இரண்டுக்கும் சொல் கிடையாது. பார்த்தாயா என்றால் பார்த்தேன், பார்க்கவில்லை என்று வினையைத்தான் திருப்பிச் சொல்வார்கள். நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்றுதானே சொல்கிறோம். ஆனால் செயலியில் 'யெஸ்' என்று மட்டும் தட்டினால் 'தா' என்று வரும். 'தா' என்றால் 'இருக்கிறது'. எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரியாமல் இதை எங்கே ஒட்டினாலும் பாதி இடங்களில் தப்பாகும். இது எங்கிருந்து வந்தது என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு: அயர்லாந்தில் பொது வாக்கெடுப்புச் சீட்டிலும், நாடாளுமன்றத்தில் வாக்குகளைப் பதிவுசெய்யும்போதும் ஆம், இல்லை என்பதற்கு 'தா', 'நீல்' என்றுதான் அச்சடிக்கிறார்கள். இயந்திரம் படித்த இருமொழிப் பக்கங்களில் இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஊகம்தான், ஆனால் இயந்திரம் கற்கிற முறைக்குப் பொருந்தி வருகிற ஊகம்.

இனி, பிரெஞ்சுக்கு நன்றாக வேலை செய்யும் அதே செயலி ஐரிஷில் ஏன் தடுமாறுகிறது என்பது. புதிதாகச் சேர்த்த மொழி என்பதால் அல்ல. கூகுள் மொழிபெயர்ப்பில் ஐரிஷ் 2009-லேயே வந்துவிட்டது, தமிழ் 2011-ல்தான் வந்தது. இந்த இயந்திரங்களுக்கு இலக்கணம் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரே விஷயம் இரண்டு மொழியிலும் எழுதப்பட்ட பக்கங்களைக் கோடிக்கணக்கில் கொட்டி, அதிலிருந்து அவையாகப் பிடித்துக்கொள்கின்றன. பிரெஞ்சுக்கு அந்தக் குவியல் மலைபோல் இருக்கிறது. ஐரிஷுக்கு? 2022 கணக்கெடுப்பில் அயர்லாந்தில் 18 லட்சத்து 73 ஆயிரம் பேருக்கு மேல் ஐரிஷ் தெரியும் என்று சொன்னார்கள், ஆனால் பள்ளி, கல்லூரிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர். அவர்களும் எல்லாரும் ஆங்கிலம் அறிந்தவர்கள். அதனால் யாரும் தனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எதையும் ஐரிஷில் மொழிபெயர்க்கக் கேட்பதில்லை. சட்டம் கேட்பதால் மொழிபெயர்க்கிறார்கள். பக்கத்து மொழியான வெல்ஷோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். வேல்ஸ் நாடாளுமன்ற விவாதங்கள் இரு மொழியிலும் வெளியாகின்றன, அரசியல்வாதிகள் வாயாடுகிற மொழி, கேலி, கோபம் எல்லாமே இயந்திரத்துக்குத் தீனி. டப்ளினில், அயர்லாந்து நாடாளுமன்றத்தில், உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சிட்டு விட்டுவிடுகிறார்கள், பேசுவதோ பெரும்பாலும் ஆங்கிலம்.

ஆக ஐரிஷில் சுத்தமான, நம்பகமான இருமொழிக் குவியல் என்று எடுத்தால் பெரும்பங்கு சட்டம்தான்: அயர்லாந்தின் சட்டங்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிமுறைகள். 2007-ல் ஐரிஷ் ஒன்றியத்தின் ஆட்சிமொழியானாலும், மொழிபெயர்க்க ஆளில்லை என்று விலக்கு வாங்கி ஒரு பகுதியை மட்டும் மொழிபெயர்த்து வந்தார்கள். 2022 ஜனவரியில்தான் அந்த விலக்கு நீங்கியது. மீன்பிடி ஒதுக்கீடு பற்றி இயந்திரம் தடங்கலில்லாமல் எழுதும், பாட்டி வீட்டுக்குப் போனது பற்றிக் கேட்டால் அரசாணை வாசம் அடிக்கும். சட்ட மொழியை இளக்காரமாகச் சொல்லவில்லை. அயர்லாந்து அரசியலமைப்பில் ஆங்கிலப் பாடமும் ஐரிஷ் பாடமும் முரண்பட்டால் ஐரிஷ் பாடமே செல்லும் என்று 25-வது பிரிவு சொல்கிறது. 2015-ல் ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கான வாக்கெடுப்பு வந்தபோது, முதலில் வெளியிட்ட ஐரிஷ் வாசகம் 'இருவர், அவர்கள் ஆண்களானாலும் பெண்களானாலும்' என்கிற மாதிரி இருந்தது. இரண்டு ஆண்கள் அல்லது இரண்டு பெண்கள் மட்டும் என்று இதைப் படிக்க இடமிருக்கிறதே, அப்படியானால் ஆணும் பெண்ணும் செய்யும் திருமணம் என்ன ஆவது என்று கேள்வி எழுந்தது. அரசு வாசகத்தை மாற்றி, 'பாலினம் எதுவாயினும் இருவர்' என்ற பொருளில் எழுதியது. இத்தனைக்கும் அது மனிதர்கள் எழுதியது. தேறிய மொழிபெயர்ப்பாளர்களே இவ்வளவு நிதானிக்க வேண்டிய இடத்தில், போனில் ஒரு தட்டு தட்டி வந்ததை ஒட்டிவிடுகிற துணிச்சல் எனக்கு இல்லை.

புதிய ஏஐ பற்றி. முன்பு வந்த தவறு பார்த்தவுடன் தெரியும், சொற்கள் சிதறிக் கிடக்கும். 2016-க்குப் பிறகு வந்த நரம்பு வலை முறையிலும், இப்போதைய உரையாடல் ஏஐகளிலும் வாக்கியம் வழவழவென்று வருகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது இரண்டு: ஐரிஷைப் புரிந்துகொள்வதில் இவை மிகவும் தேறிவிட்டன, ஐரிஷில் எழுதுவதிலும் தேறியிருக்கின்றன, ஆனால் அதே அளவுக்கு இல்லை. உறுதியில்லாதது, இது இப்படியே ஏறிக்கொண்டு போகுமா என்பது. ஏனென்றால் இணையத்தில் ஐரிஷ் என்ற பெயரில் கிடப்பதில் நிறைய, ஹோட்டல் பக்கங்களும் கடைப் பக்கங்களுமாக, இயந்திரம் மொழிபெயர்த்துப் போட்டதுதான். அடுத்த இயந்திரம் அதையும் அள்ளிப் படிக்கிறது. பெரிய மொழியில் இந்தக் குப்பை கரைந்து போகும், சின்ன மொழியில் அதுவே பாடப்புத்தகம் ஆகிவிடும் என்பது என் கவலை. மாற்றாக நினைப்பவர்களும் இந்தத் துறையில் இருக்கிறார்கள், வடிகட்டும் உத்திகள் தேறிவருகின்றன என்பார்கள்.

இலக்கணம் முழுக்கச் சரியாக இருந்தும் ஐரிஷ்காரர் முகம் சுளிக்கிற வாக்கியம் என்று ஒரு வகை உண்டு. உடம்பு ஐரிஷ், எலும்பு ஆங்கிலம். அவர்களே இதற்கு 'பேர்லாகஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தனம் என்று சொல்லலாம். நான்காம் வகுப்பில் இதற்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், விடுங்கள். வட்டார வழக்கு மட்டும் கவனிக்க வேண்டியது. நலமா என்று கேட்க தெற்கு மாகாணமான மன்ஸ்டரில் 'கொனஸ் தா தூ', மேற்கே கானக்டில் 'கே ஹீ வில் தூ', வடக்கே அல்ஸ்டரில் 'ஜே மர் தா தூ'. 1958-ல் பொது எழுத்துநடை ஒன்றை அரசு வெளியிட்டது, பின்னால் திருத்தவும் செய்தது, ஆனாலும் மூன்று வழக்கும் உயிரோடு இருக்கின்றன, பள்ளியிலும் ஆசிரியையின் ஊர்ப்படி மாறும். இயந்திரம் மூன்றையும் ஒரே பத்தியில் கலந்து தரும். அதனால் உங்கள் நோட்டில் சுழிக்கப்பட்ட ஒன்றிரண்டு வரிகள் வேறொரு மாகாணத்தில் சரியாக இருக்கவும் கூடும்.

மொழி தெரியாதவர் கையில் போனால் என்ன ஆகும் என்பதற்கு இயந்திரம்கூடத் தேவையில்லை. 2008-ல் வேல்ஸில் ஸ்வான்சி நகராட்சி, கனரக வாகனம் வரக்கூடாது என்ற அறிவிப்பை வெல்ஷில் மொழிபெயர்க்க மின்னஞ்சல் அனுப்பியது. உடனே வெல்ஷில் பதில் வந்தது. அதை அப்படியே பலகையில் எழுதிச் சாலையோரம் நட்டுவிட்டார்கள். பலகையில் இருந்தது, 'நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பிவையுங்கள்'. அந்தக் கதையில் மொழிபெயர்ப்பாளர் மேல் ஒரு குற்றமும் இல்லை, வாங்கினவருக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம். பள்ளியிலிருந்து ஐரிஷில் வரும் குறிப்பு, பாடத்தின் கதை, இவற்றை ஆங்கிலமாக்கிப் படிக்கச் செயலியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வந்தது அபத்தமாக இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும், அந்தத் திசையில் நீதிபதி நீங்கள். ஐரிஷைத் தட்டும்போது உயிரெழுத்தின் மேல் வரும் நெடில் குறியை மட்டும் விடாதீர்கள். 'காக்கா' என்றால் ஐரிஷில் கேக்; குறியை விட்டு 'கக்கா' ஆக்கினால் நம் வீட்டுக் குழந்தைகள் அந்தச் சொல்லால் எதைச் சொல்வார்களோ கிட்டத்தட்ட அதேதான். மறு திசையில் வாக்கியமாகப் போடாதீர்கள், சொல்லாகத் தேடுங்கள். டியாங்லன், ஃபோக்லோர் என்று இரண்டு இலவச அகராதித் தளங்கள் இருக்கின்றன, ஆசிரியையிடம் கேட்டால் முகவரி எழுதிக் கொடுப்பார். டியாங்லனில் ஒரே சொல்லை மூன்று வழக்கிலும் உச்சரித்துக் கேட்கலாம், ஒரு சொல்லின் தலையும் வாலும் எங்கெங்கே எப்படி மாறும் என்று அட்டவணையும் கிடைக்கும். ஃபோக்லோர் ஆங்கிலத்திலிருந்து ஐரிஷுக்குப் போகிறது, முழு வாக்கிய உதாரணங்களோடு. கெவின் ஸ்கேனல் உருவாக்கிய 'அன் கிராமடோர்' என்ற இலக்கணச் சோதனைக் கருவியும் உண்டு. எல்லாத் தவறையும் பிடிக்காது, தலையெழுத்துத் தவறுகளில் நிறையப் பிடிக்கும்.

இயந்திரத்தால் பயனே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஆணையத்துக்குச் சொந்தமான மொழிபெயர்ப்புக் கருவி ஒன்று இருக்கிறது. டப்ளின் சிட்டி பல்கலைக்கழகத்தினர் அரசுத் துறை மொழிபெயர்ப்பாளர்களுக்காகவே 'டபடோர்' என்று ஒன்றைச் செய்தார்கள். இயந்திரம் வரைவு போடும், ஐரிஷ் அறிந்தவர் உட்கார்ந்து திருத்துவார், வேலை வேகமாகும். திருத்த ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. உங்கள் கேள்வியின் கடைசி வரியில், தோழியின் திருமணப் பரிசில் ஒரு ஐரிஷ் வாசகம் பொறிக்கப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதைச் செயலியில் எடுக்கவே எடுக்காதீர்கள், நல்ல ஐரிஷ் தெரிந்த இரண்டு மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து ஒத்துப்போகும்வரை கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். காசு கொடுத்துச் செய்வதானால் ஃபோராஸ் நா கேல்கே என்ற அரசு அமைப்பு தேர்வு வைத்து அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். நோட்டு விஷயத்துக்கு, சுழித்த வரிகளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், மகள் பெயரும் பள்ளிப் பெயரும் தெரியாமல் மறைத்துவிட்டு. எது இயந்திரத்தின் தவறு, எது வழக்கு வித்தியாசம் என்று தெரிந்தவரை பிரித்துச் சொல்கிறேன்.